பூஜ்யத்தை நம்பாத அண்ணி

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு "இருக்கியா?" என்று கேட்கிற ஒருத்தியோடு ஒரே வீட்டில் வாழ்ந்து பாருங்கள், அப்போது தெரியும். உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை கேட்கமாட்டாள். சத்தம் நின்றால் போதும்.

"இருக்கியா?"

"சோப்பு போட்டுனு கீறேன் அண்ணி!"

"அதைச் சொல்லேன். வாயில என்ன, கொழுக்கட்டையா?"

கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கிற கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு அண்ணனின் மனைவியாக வந்தவள் அவள். ஏரிக்கு அந்தப் பக்கம், ஆரம்பாக்கத்தில் நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண். கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையில் அளவு காட்டும் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. எப்படி அண்ணனுக்கு வாய்த்தாள் என்றால், ரயில். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதற்குமேல் அண்ணன் சொல்லியிருந்தால் அவன் அண்ணனே இல்லை.

யாராவது சத்தமில்லாமல் இருந்தால் அவளுக்குத் தாங்காது. வாசலில் வலையைப் பழுது பார்த்தபடி எங்கள் நைனா குனிந்திருப்பார். ஊசி வலைக்குள் போய் வரும். திடீரென்று ஊசி நிற்கும், கண் அயர்ந்திருப்பார். அடுப்படியில் இருந்து குரல் வந்துவிடும்.

"மாமா, இருக்கீங்களா?"

"கீறேம்மா, கீறேன். எங்க போறேன்? இந்த வலை விட்டாத்தானே!"

பக்கத்து வீட்டு மீன்காரம்மா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவாள். "உன் மருமவ நாளைக்குப் பொணத்தையும் எழுப்பி, 'இருக்கியா'னு கேப்பா. அதுவும் எழுந்து பதில் சொல்லிட்டுத்தான் படுக்கும்."

குப்பமே சிரித்தது. நானும் சிரித்தேன். சில நாட்கள் பல்லைக் கடித்தேன். எழுதுகிறவனுக்கு மௌனம் வேண்டும். ஒரு வரி வருமா வராதா என்று கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வரப்போகும் நொடியில் பின்னாலிருந்து அந்தக் கேள்வி விழும். வரி ஓடிவிடும். நண்டு வளைக்குள் ஓடுவதுபோல, ஒரு கால்கூடத் தெரியாமல்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "தெரியல கொழுந்தனாரே. சத்தம் இல்லன்னா இருப்பு கொள்ளல" என்றாள். வேறு கதை ஏதும் இல்லை. இருந்திருந்தாலும் அவள் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு எங்கள் அண்ணன்.

கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வான். சந்தோஷம் வந்தாலும் மூடிக்கொள்வான். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் தடவிப் பழகியவன், பேசினால் இறால் ஓடிவிடும் என்ற பயம் அவனுக்குக் கரையிலும் உண்டு. சாப்பிடும்போது அண்ணி அன்றைய ஆலைக் கதையைச் சொல்வாள். அவன் "ம்" போடுவான். ஒருநாள் அவள் குரலை மாற்றாமலே சொன்னாள்:

"அப்புறம் எங்க மேனேஜர் தலையில கொம்பு முளைச்சிச்சு."

"ம்."

"அந்தக் கொம்புல காக்கா வந்து கூடு கட்டிச்சு."

"ம்."

எனக்குச் சோறு புரையேறியது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அண்ணியும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, பாதித் தட்டோடு எழுந்து போனாள். அண்ணன் நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தான். "இன்னா ஆச்சு?"

*

படகை விற்றுத்தான் இறால் குட்டையைக் குத்தகைக்கு எடுத்தான் அண்ணன். ஏரியின் மேற்குக் கரையில், ஆரம்பாக்கம் பக்கம். படகு போனவனுக்குக் குப்பத்தில் பாதி ஆள் போன மாதிரி. எங்கள் ஊரில் ஏரியின் மீன்பிடி இடங்களை முறை வைத்துத்தான் பிரித்துக்கொள்வார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு. படகில்லாதவன் தன் முறை வரும்போது வேறொருவன் படகில் கூலிக்காரன்போல ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்த முறை அடுத்தவனுக்கு. குட்டை விளைந்தால் புதுப் படகு. குட்டை செத்தால் ஆயுளுக்கும் அடுத்தவன் படகு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டுக் காற்றிலேயே இருந்தது.

இறால் குட்டைக்கு எமன் எப்போதும் கண்ணுக்குத் தெரியாமல்தான் வருவான். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று குறைந்தால் போதும், ஒரே விடியலில் எல்லாம் முடிந்துவிடும். குறைகிற நேரத்தில் தண்ணீரை அடித்துக் கலக்கும் சக்கரங்களை ஓட்ட வேண்டும். எப்போது குறைகிறது என்று யார் சொல்வது? அண்ணி ஒரு சென்சார் கொண்டுவந்தாள். ஏதோ ஆலையின் கழிவுநீர்த் தொட்டியில் கிடந்து, பழைய இரும்புக் கடைக்கு வந்த உருப்படி. முழங்கை நீளம். கழுவிக் கழுவி, விளக்கு மாதிரி துடைத்து வைத்தாள்.

அதோடு எங்கள் நிம்மதி போயிற்று.

அந்தச் சென்சார் பேசுவது ஆலையின் மொழி. தண்ணீரில் காற்று எவ்வளவு என்பதை மின்னோட்டமாகச் சொல்லும். துளியும் இல்லை என்றால் நாலு மில்லி ஆம்பியர், உச்சம் என்றால் இருபது. அதைப் படித்துத் திரையில் காட்ட அண்ணி வாங்கி ஒரு பெட்டிக்குள் வைத்த கைக்குட்டை அகலப் போர்டுக்கோ மின்னோட்டம் புரியாது, வோல்ட்தான் புரியும். அதுவும் மூணேகால் வோல்ட்டைத் தாண்டினால் கருகிவிடும் பூஞ்சை உடம்பு. இரண்டுக்கும் நடுவில் துபாஷியாக ஒரு சின்ன ரெசிஸ்டர். ஓட்டம் அதற்குள் நுழைந்து போகும்போது அதன் இரு முனைகளுக்கு இடையே வோல்ட் எழும். அந்த வோல்ட்டைப் போர்டு படித்துக்கொள்ளும். நூற்றைம்பது ஓம் போட்டால் இருபது மில்லி ஆம்பியர் மூன்று வோல்ட்டாகும். போர்டு தாங்கும்.

"நாலுல ஏன் ஆரம்பிக்கணும் அண்ணி? பூஜ்யத்துல ஆரம்பிச்சா கணக்கு சுளுவா இருக்குமே" என்றேன்.

நான் கெட்ட வார்த்தை பேசியதுபோலப் பார்த்தாள்.

"பூஜ்யம்னா ஒயர் அறுந்துபோச்சுன்னு அர்த்தம். சென்சார் செத்துப்போச்சுன்னு அர்த்தம். நாலுன்னா, 'தண்ணில ஒண்ணும் இல்ல, ஆனா சொல்றதுக்கு நான் இருக்கேன்'னு அர்த்தம். ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கும் ஒரு ஆளு உசுரோட வேணும்ல?"

நான் எழுதிய எந்த வரியும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. அன்று எரிச்சலாக இருந்தது. இன்றும் கொஞ்சம் இருக்கிறது.

நூற்றைம்பது ஓம் வாங்கிவரச் சொல்லி அண்ணனைப் பொன்னேரிக்கு அனுப்பினாள். அவன் இருநூற்றைம்பது வாங்கி வந்தான். அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவளை அசத்திவிடலாம் என்று அவனே திருகி மாட்டியும் விட்டான். அந்தச் சென்சார் கண் விழித்ததும் ஒருமுறை தொண்டையைச் செருமும். நாலில் இருந்து இருபதுவரை போய்த் திரும்பும். இருபது வந்தபோது ஐந்து வோல்ட் எழுந்தது. புகை இல்லை, நாற்றம் இல்லை. திரை இருண்டது, அவ்வளவுதான்.

"நூத்தம்பதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்தற? அதைவிடப் பெருசாத்தானே வாங்கினேன்? கயிறு வாங்கினா தடியா வாங்கறதில்ல?"

அண்ணி செத்த போர்டைக் கழற்றத் தொடங்கினாள். கடலில் எல்லாவற்றையும் ஒரு பிடி கூடுதலாகவே வாங்குகிறவன் அவன். நங்கூரம், கயிறு, டீசல். கூடினால் கெடும் என்று ஒரு பொருள் உலகத்தில் இருக்கும் என்பதே அவனுக்குத் தெரியாது.

புதுப் போர்டு வந்தது. இந்த முறை அவள் சென்சாரை மாட்டுமுன் போர்டைச் சோதித்தாள். ஒரு டார்ச் பேட்டரியை எடுத்து, அதன் இரண்டு முனைகளை ரெசிஸ்டரின் இரண்டு முனைகளில் ஒயரால் தொட்டாள். திரை விழித்து 'ஏழரை' என்று காட்டியது. நல்ல தண்ணீரின் அளவு அது.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "தண்ணியே இல்ல, தண்ணி நல்லா கீதுன்னு சொல்லுதே! அதுவும் ஏழரை. சனி புடிச்ச பொட்டிதான்."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசியதில் அண்ணிக்கு ஒரே பூரிப்பு. மறுபடி மறுபடி தொட்டுக் காட்டினாள். ஏழரை. ஏழரை. இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அப்படி நான் பார்த்தது அந்த ஒரு மாலைதான்.

*

உப்பு எங்கள் ஊரின் உண்மையான முதலாளி. பெட்டியைக் குட்டைக் கரையில் வைத்ததும் ஒயர் முனைகளில் பச்சையாகப் பூத்தது. பூத்த இடத்தில் தொடர்பு விட்டது. தொடர்பு விட்டால் ஓட்டம் பூஜ்யம். பூஜ்யம் கண்டால் அலாரம் கத்தும். அண்ணி போர்டின் புரோகிராமை அப்படித்தான் எழுதி வைத்திருந்தாள். தண்ணீர் கெட்டாலும் அதே கத்தல், ஒயர் விட்டாலும் அதே கத்தல். ஆட்டுக்குட்டியைக் கழுத்தில் மிதித்த மாதிரி ஒரு சத்தம்.

அண்ணன் கரை நெடுக ஓடுவான். தண்ணீருக்கு ஒன்றும் இராது. கத்தியால் பச்சையைச் சுரண்டிவிட்டுத் திரும்புவான். வேர்வை அடங்குமுன் மறுபடி கத்தும். பக்கத்துக் குட்டைக்காரர்களுக்குப் பொழுது போயிற்று.

"யோவ், உன் பொண்டாட்டி பெத்த பொட்டி அழுவுது பாரு. போய்ப் பால் குடு!"

அண்ணனுக்குக் காது மட்டும் சிவக்கும். வீட்டில் வந்து அண்ணியிடம் கேட்டான். அவன் அவளிடம் ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததே அதுதான்.

"ஒயர் புட்டுக்கினா கத்தாத மாதிரி செஞ்சுடு. தண்ணி கெட்டா மட்டும் கத்தட்டும்."

"ஒயர் போச்சுன்னா தண்ணி கெட்டது அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் நான் கீறேன்ல?"

"நீ கீறியா?"

எங்கள் குப்பத்துச் சொல் அவள் வாயில் வந்தது அன்றுதான். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள். காரணம், அந்த ரேடியோ.

குட்டைக் கரைகளில் காவல் குடிசை இருக்கும். காவல்காரன் எப்போதும் இருக்கமாட்டான். ஒரு பல்பை எரியவிட்டு, ரேடியோவைப் பாடவிட்டு, கம்பில் ஒரு சட்டையையும் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். திருடன் ஏமாறுவான், நீர்க்காகம் ஏமாறும். எல்லோரும் செய்வதுதான், அதில் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. அண்ணி மட்டும் அந்த ரேடியோவைக் கண்டால் அணைத்துவிடுவாள். "ஆளு இல்லன்னா இல்லன்னு இருக்கட்டும். இருக்கற மாதிரி பாட வேண்டாம்" என்பாள். "உனக்கு இன்னாமா தெரியும், நெல்லு வெதைக்கிற ஊர்க்காரி" என்று கரைக்காரர்கள் மறுபடி பாடவிடுவார்கள்.

அலாரத்தை மாற்றித் தரவில்லை அவள். சொல்லிப் பார்த்தேன். "ரெண்டு சத்தமாவது வைங்க அண்ணி. ஒயருக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு." செய்கிறேன் என்றாள். ஆலையில் ஆள் பற்றாக்குறை, வேலைமேல் வேலை. செய்வதற்குள் அண்ணனின் முறை வந்துவிட்டது.

ஏரியில் அவன் முறை. எங்கள் மாமன் படகில் இடம் இருந்தது. போகாவிட்டால் அடுத்தவனுக்கு. தண்ணீரில் கால் வைத்து எவ்வளவு காலமாகிவிட்டது அவனுக்கு! குட்டைத் தண்ணீரெல்லாம் தண்ணீரா? குடிசையில் பல்பு எரிந்தது, ரேடியோ பாடியது, சட்டை ஆடியது. அந்தப் பெட்டி மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். அதற்கும் ஒரு வழி அவனுக்குத் தெரிந்திருந்தது.

*

நான் முதல் நாளே இறால் தீவனம் வாங்க ஆரம்பாக்கத்துக்கு வந்து தங்கியிருந்தேன். விடிந்து கடைகூடச் சரியாகத் திறக்கவில்லை. ராத்திரி வேலைக்குப் போயிருந்த அண்ணி ஆலையில் இருந்து கூப்பிட்டாள். பெட்டி அனுப்பும் அளவெல்லாம் அவள் போனில் கோடாக விழும்.

"கோடு நேரா போவுது கொழுந்தனாரே. தண்ணி மூச்சு விடும். பகல்ல ஏறும், ராத்திரில இறங்கும். இது ரோடு மாதிரி போவுது. நம்பரைப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு விட்டுட்டேன், கோட்டைப் பாக்கல. பாவி, கோட்டைப் பாக்கல."

"அண்ணனைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். குட்டைலதான் கீறேன், தண்ணி நல்லா கீதுன்னான். ஆனா பின்னால கடல் சத்தம் கேட்டுச்சு."

மேற்குக் கரையில் ஏது கடல்? அது எங்கள் கோட்டைக்குப்பத்து வீட்டுச் சத்தம்.

அவள் வந்து இறங்கியதும் ஒரு வண்டி பிடித்துப் போனோம். தூரத்திலேயே பருந்துகள் தெரிந்தன. கிட்டப்போகப் போகக் கொக்குகள், கரை முழுக்க வெள்ளையாக. ஓரத் தண்ணீரில் இறால்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒதுங்கிக் கிடந்தன. சக்கரங்கள் அசையாமல் நின்றன. குடிசையில் ரேடியோ யாருக்கோ கல்யாண வாழ்த்துச் சொல்லிப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது.

அண்ணி முதலில் போய் ரேடியோவை அணைத்தாள். பிறகுதான் பெட்டியைத் திறந்தாள்.

ரெசிஸ்டரின் இரண்டு முனைகளிலும் இரண்டு ஒயர். ஒயர்களின் மறுமுனையில் டார்ச் பேட்டரி. அது அசையாதபடி வலை நூலால் கட்டியிருந்தது. சென்சாரின் ஒயர் உப்புப் பூத்துக் கழன்று, தன்பாட்டில் தொங்கியது.

"எவ்ளோ அழகா கட்டியிருக்கான் பாரு" என்றாள்.

வலை முடிச்சு. எவ்வளவு இழுத்தாலும் அவிழாது. நான் கத்தியை நீட்டினேன். வாங்கவில்லை. நகத்தாலேயே பிரித்தாள். பேட்டரி கையோடு வந்ததும் அலாரம் கத்தத் தொடங்கியது. செத்துக் கிடந்த தண்ணீர்மேல் அந்தச் சத்தம் போய்ப் போய் வந்தது. கொக்குகள் எழுந்து, அடுத்த கரையில் உட்கார்ந்தன.

"நிறுத்திடுங்க அண்ணி."

"கத்தட்டும். இப்பத்தான் நெசம் சொல்லுது."

வெயில் உச்சிக்கு வந்தபோது அண்ணன் படகில் வந்தான். முறையில் பிடித்த மீன் கூடையோடு. எல்லாவற்றையும் பார்த்தான். கூடையைக் கீழே வைக்க மறந்து நின்றான்.

"பேட்டரி வெக்கக் கத்துக்குடுத்தது நான்தான்" என்றாள் அண்ணி. குரல் உயரவே இல்லை. "ரெண்டுக்கும் ஒரே சத்தம் வெச்சதும் நான்தான். அதெல்லாம் என் தப்பு, வெச்சுக்க. நான் போன் பண்ணப்போ நீ எங்க இருந்த? அதை மட்டும் உன் வாயால சொல்லு."

அவன் தண்ணீரைப் பார்த்தான்.

"இருக்கியா?" என்றாள்.

சொல்லித் தொலையேண்டா. வீட்டில் இருந்தேன், முறைக்குப் போனேன், ஆசையாக இருந்தது, போனேன். எதையாவது. எனக்கு அவன் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"ம்" என்றான்.

அவள் பையை எடுத்துக்கொண்டாள். கரைமேல் நடந்து, ரோட்டில் ஏறி, பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள். திரும்பிப் பார்த்துக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

*

ஆலைக்குப் பக்கத்தில் வீடு எடுத்துத் தங்கிவிட்டாள். தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவை வரும். எனக்கு எப்போதாவது போன் வரும், நைனா எப்படி, வீடு எப்படி என்று. அண்ணனைப் பற்றி ஒரு சொல் இராது. எங்கள் வீட்டில் இப்போது யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. எனக்கு வேண்டிய மௌனமெல்லாம் கிடைக்கிறது. ஒரு வரியும் வருவதில்லை.

அண்ணன் மாமன் படகில் கூலிக்குப் போகிறான். கரையேறி, வலையை உதறி, கைகால் கழுவியதும் ஒரு வேலை வைத்திருக்கிறான். போனை எடுத்து அவள் எண்ணை அழுத்துவான். தினமும். நேற்றுப் பக்கத்தில் நின்றேன்.

மணி போனது. இன்னொரு முறை போனது. நின்றது.

"இன்னாடா?" என்றேன்.

"வெட்டிட்டா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெனம் தெனம் வெட்றாங்க, நீயும் தெனம் தெனம் அடிக்கிற. வெக்கமா இல்ல? போய் நேர்ல நில்லு. வாயத் தொறந்து பேசு!"

அவன் போனை ஈரச் சட்டையில் துடைத்துப் பைக்குள் வைத்தான். காலையில் படகு கிளம்பியதில் இருந்து இறுகியிருந்த முகம் தளர்ந்திருந்தது.

"எடுக்காம வுட்டாத்தான் பயம்" என்றான். "வெட்டுனான்னா, கீறா."